வாய்தாவில் வளரும் பிள்ளை

2024 டிசம்பரில் கோவை குடும்ப நல நீதிமன்றத்துக்கு ஒருவர் இருபது பைகளோடு வந்தார். உள்ளே ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள். மொத்தம் 80,000 ரூபாய். மனைவிக்குத் தர வேண்டிய இடைக்கால ஜீவனாம்சத்தில் ஒரு பகுதி. நோட்டாக மாற்றிக்கொண்டு வரச் சொல்லி நீதிபதி திருப்பி அனுப்பினார். செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள். அங்கே கேட்டவர் மனைவி. பிள்ளைக்கான பணமும் இதே வாசல் வழியாக, இதே வீம்பைத் தாண்டித்தான் வந்து சேர வேண்டும்.

ஜீவனாம்சத்துக்கு வழி செய்யும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகிவிட்டது. எண்தான் புதிது. இந்தப் பிரிவு மதம் பார்ப்பதில்லை. பிள்ளையைப் பெற்றவர்களுக்குத் தாலி ஏறியதா என்றும் கேட்பதில்லை. அந்தப் பெருந்தன்மை தொகையில் இருந்ததில்லை: 2001 வரை மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு.

வரம்பு போனது, வாய்பாடு வரவில்லை. பிரிட்டனில் ஒரு பிள்ளைக்கு வாராந்தர மொத்த வருமானத்தில் 12 விழுக்காடு, இருவருக்கு 16, மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் 19 என்று அடிப்படைக் கணக்கு உண்டு. இங்கே நீதிபதியின் மதிப்பீடுதான். அதிலும் ஒரு நன்மை இருக்கிறது: தினம் மருந்து வேண்டிய குழந்தையின் செலவை விழுக்காட்டுக் கணக்கு அறியாது. தாயும் தந்தையும் சம்பாதித்த ஒரு வழக்கில், தந்தையின் வருமானம் இரட்டிப்பு என்பதால் செலவை இரண்டுக்கு ஒன்று எனப் பிரித்தது உச்ச நீதிமன்றம். 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அது. நியாயமான பங்கீடு.

ஆனால் வருமானம் தெரிந்தால்தானே பங்கு? மாதச் சம்பளக்காரர் சம்பளச் சீட்டில் மாட்டிக்கொள்வார். கடை வைத்திருப்பவர், “கடை அம்மா பேரில் இருக்கிறது, நான் சும்மா ஒத்தாசைக்கு நிற்கிறேன்” என்பார். இதற்காகத்தான் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இந்து மல்ஹோத்ராவும் சுபாஷ் ரெட்டியும், இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், மனுப் போட்ட நாளிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்றார்கள். நல்ல தீர்ப்பு. எழுதிக் கொடுத்தது பொய் என்று காட்டும் வேலை மட்டும் இன்னும் பெரும்பாலும் தாயின் தலையில்.

காலதாமதம் தனிக்கதை. இடைக்காலத் தொகை மனுவை முடிந்தவரை 60 நாளில் முடிக்கச் சொல்கிறது சட்டம். 2002-இல் தொடங்கிய ஒரு வழக்கோ குடும்ப நல நீதிமன்றத்தில் 2011 வரை இழுத்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கடிந்துகொண்டது. எல்கேஜியில் சேர்ந்த பிள்ளை எட்டாம் வகுப்புக்குப் போய்விடும் காலம்.

சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ அதே சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவில் கேட்கலாம். பள்ளிக் கட்டணம் ஆண்டுதோறும் தானாக ஏறுகிறது. உத்தரவில் எழுதிய தொகை அப்படி ஏறாது. வேலை போன தந்தைக்கும் இதே கதிதான். குறைக்கச் சொல்லி மனுப் போடாதவரை பழைய தொகையே நிலுவையாகச் சேரும்.

எல்லாவற்றிலும் நொண்டுவது வசூல். கட்டாதவருக்கு வாரண்ட், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை. சிறைக்குப் போனாலும் கடன் தீராது என்று 1988-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரிதான், ஆனால் உள்ளே இருப்பவர் எதைச் சம்பாதித்துக் கட்டுவார்? தமிழ்நாட்டிலிருந்து டெல்லி வரை போன ஒரு வழக்கில், 1993 முதல் 2002 வரையிலான நிலுவையைக் கட்டச் சொல்லும் உத்தரவு 2013-இல் வந்தது. பணம் வந்தபோது பிள்ளைப் பருவம் எங்கே?

சம்பளத்தைப் பிடிக்க வழி இல்லாமல் இல்லை. ஜீவனாம்ச டிக்ரிக்காகச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்யலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். அதற்கும் தாய்தான் மனுவோடு வர வேண்டும். பிரிட்டனில் அரசு அமைப்பே முதலாளியிடம் சொல்லிச் சம்பளத்தில் பிடிக்கிறது. அப்படி வசூலிக்க நேர்ந்தால் கட்டுபவரிடம் 20 விழுக்காடும் பெறுபவரிடம் 4 விழுக்காடும் கட்டணம். பெறுபவரிடம் வாங்கும் அந்த நான்கை விட்டுவிட்டு மற்றதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

அதுவரை, உத்தரவு கையில் இருப்பவர்கள் தொகையை வங்கிக் கணக்கில் செலுத்தச் சொல்லிக் கேளுங்கள். வாரண்ட் கேட்கும் மனுவுக்குக் கெடு, தொகை கட்ட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டு. அது முடிவதற்குள் போட்டுவிடுங்கள்.