கணிப்பொறியை எழுப்புவது யார்?

தோவாளைப் பூச்சந்தையைப் பற்றி ஒரு மாணவரைக் கட்டுரை எழுதச் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "விடியுமுன் சந்தைக்குப் பூ வந்து சேருகிறது. பிறகு வியாபாரம் நடக்கிறது" என்று இரண்டே வரியில் அவர் முடித்துவிட்டால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? பூவைப் பறித்தது யார், சுமந்து வந்தது யார், இருட்டில் சந்தைக்கு வந்து முதல் விளக்கைப் போட்டது யார் என்று கேட்கமாட்டீர்களா? 2018-இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல், கணிப்பொறி விழித்தெழும் கதையை ஏறக்குறைய இப்படித்தான் சொல்லி முடிக்கிறது.

முதல் பாடத்தின் கடைசியில் அந்தப் பகுதி இருக்கிறது. அதன் சாரம் இது: மின்சாரம் கொடுத்ததும் தற்காலிக நினைவகம் வெறுமையாக இருக்கும். படிப்பு நினைவகத்தில் முன்னரே எழுதி வைத்த ஒரு சோதனை நிரல் முதலில் ஓடி, விசைப்பலகை முதலியவை ஒழுங்காக இணைந்துள்ளனவா என்று பார்க்கும். பிறகு பயாஸ் ஓடும். அதன்பின் 'பூட்ஸ்ட்ராப் லோடர்' என்ற நிரல் இயக்க அமைப்பை வட்டிலிருந்து நினைவகத்துக்குக் கொண்டுவரும். அவ்வளவுதான். அடுத்து, அணைந்திருந்த பொறியைத் தொடங்குவது ஒரு வகை, ஓடும் பொறியை மறுபடி தொடங்குவது இன்னொரு வகை என்று பிரித்துக் காட்டிப் பாடம் முடிகிறது.

இதில் ஒரு சிறு குறை, ஒரு பெருங்குறை. சிறு குறை, சோதனை நிரலையும் பயாஸையும் வேறு வேறு ஆட்கள்போல அடுத்தடுத்து நிறுத்தியிருப்பது. சோதனை பயாஸின் முதல் வேலை. இரண்டும் ஒரே சில்லில் குடியிருப்பவை. இதை ஒரு வாக்கியத்தில் திருத்திவிடலாம்.

பெருங்குறை வேறு. எந்த நிரலும் ஓட வேண்டுமானால் முதலில் அது நினைவகத்துக்கு வந்தாக வேண்டும். கொண்டுவர ஒரு நிரல் வேண்டும். அப்படியானால் கொண்டுவரும் நிரலைக் கொண்டுவந்தது யார்? கெட்டிக்கார மாணவர் உடனே கேட்கும் கேள்வி இது. பாடநூல் இதைக் கேட்கவே இல்லை. 'பூட்ஸ்ட்ராப்' என்ற பெயரே இந்தப் புதிரிலிருந்து வந்தது. காலணியின் பின்புற வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்பது அந்நாட்டாரின் வேடிக்கைப் பேச்சு. தன் தோளில் தானே ஏறி நிற்பது என்று நாம் சொல்லலாம். (நம் பிள்ளைகள் காதில் 'பூட்' என்பது பூட்டு என்றே விழுகிறது. திறப்பதற்குப் பூட்டுவது என்று பெயரா என்று சிரிக்கிறார்கள். கதவுப் பூட்டை மறந்து ஏர் பூட்டுவதை நினைத்தால் பொருத்தமாகவே இருக்கும். நாஞ்சில் என்றாலே கலப்பைதானே!)

இப்போது விடைக்கு வருவோம். நுண்செயலிக்கு உயிர் வந்ததும் அது தேடிப் போகும் முகவரி தொழிற்சாலையிலேயே நிர்ணயிக்கப்பட்டது. இன்டெல் வகைச் செயலிகளில் அது நினைவக முகவரிகளின் உச்சியிலிருந்து 16 பைட் கீழே உள்ள இடம். அங்கே படிப்பு நினைவகம் பொருத்தப்பட்டிருப்பதால் பயாஸை யாரும் ஏற்றத் தேவையில்லை; அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது. புதிரின் முடிச்சு அவிழும் இடம் இதுவே. 1975-இல் வந்த ஆல்டேர் 8800 என்ற சிறு கணிப்பொறியில், படிப்பு நினைவகம் பொருத்தாதவர்கள் முன்பலகையிலுள்ள விசைகளை மேலும் கீழும் தட்டி, முதல் சில பத்து பைட்டுகளைக் கையாலேயே ஊட்டினார்கள். மனித விரல்தான் அங்கே முதல் ஏற்றி.

சோதனையை முடித்த பயாஸ், வட்டின் முதல் துண்டை மட்டும் படிக்கிறது. அது வெறும் 512 பைட். அதிலும் கடைசி 2 பைட் அடையாள முத்திரை. அதற்கு முன் 64 பைட் வட்டின் பாகப் பிரிவினைப் பட்டியல். மிஞ்சுவது 446 பைட். தமிழ் எழுத்தில் கணக்கிட்டால் ஒரு அஞ்சலட்டைக்குக்கூடப் போதாது. இதற்குள் அடங்கிய குட்டி நிரலுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. தனக்கு அண்ணனான அடுத்த நிரல் வட்டில் எத்தனையாவது துண்டில் இருக்கிறது என்ற எண் மட்டும் தெரியும். அதை எடுத்து நினைவகத்தில் வைத்து, பொறுப்பை ஒப்படைக்கிறது. அண்ணனுக்குக் கோப்புகளைப் படிக்கத் தெரியும். அது தன் துணை நிரல்களையும் அமைப்புக் கோப்பையும் தேடிப் பிடித்து, திரையில் பட்டியல் காட்டி, நீங்கள் தேர்ந்த இயக்க அமைப்பின் கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. லினக்ஸ் ஆனால் அந்தக் கரு சுருக்கிய வடிவில் வரும்; தன்னைத் தானே விரித்துக்கொண்டு, 1 என்ற எண்ணுடைய முதல் செயலைத் தொடங்கும். பிறகு ஏற்றிக்கு அங்கே வேலையில்லை.

இதையெல்லாம் பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சொல்வது அதிகம் என்று சிலர் கூறுவர். நான் ஒப்பவில்லை. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் சேர்ந்தே மாணவர் கைக்கு வந்தது. பாஸ், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி 2007-இல் வெளியிட்டது. தமிழ் முகப்பும் உடையது. இரண்டு இயக்க அமைப்புகள் குடியிருக்கும் பொறியில் எதை எழுப்புவது என்று கேட்க ஓர் ஏற்றி இருந்தே ஆகவேண்டும். பாடம் நடத்தத் தேவையான ஆய்வுக்கூடம் பிள்ளையின் மடியிலேயே இருந்தது! அதே பாடநூல் பின்னால் விண்டோசையும் லினக்சையும் கையாளக் கற்றுக் கொடுக்கிறது. இரண்டு வீட்டையும் சுற்றிக் காட்டியவர், முதல் பாடத்தில் வாசற்படியைக் காட்டாமல் விட்டார்.

விட்டதன் விலை என்ன? வட்டில் இடம் போதவில்லை என்று ஒரு மாணவி, விண்டோசுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பாகத்தை அழித்துவிடுகிறாள் என்று வையுங்கள். மறுநாள் பொறி 'கிரப் ரெஸ்கியூ' என்று ஒரு வரியைக் காட்டி நின்றுவிடும். பொறி கெட்டுவிட்டது என்று அவள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவாள். உண்மையில் கெட்டது ஒன்றுமில்லை. 446 பைட் தம்பி இருக்கிறான், அண்ணனும் இருக்கிறான். விண்டோசும் பத்திரமாக இருக்கிறது. அண்ணனின் துணை நிரல்களும் அமைப்புக் கோப்பும் மட்டும் அழிந்த பாகத்தோடு போய்விட்டன. சங்கிலியின் கண்ணிகளைத் தெரிந்தவள் எது அறுந்தது என்று சொல்லிவிடுவாள்; நான்கு வரியை மனப்பாடம் செய்தவளுக்கு அது முடியாது.

பாடநூலின் எளிய நடையைப் பாராட்டத்தான் வேண்டும். கடினமான செய்தியைத் தமிழில் தட்டுத் தடங்கலின்றிச் சொல்கிறது. ஆனால் காலமும் மாறிவிட்டது. இன்றைய பொறிகளில் பயாஸின் இடத்தில் யூ.இ.எஃப்.ஐ. அமர்ந்திருக்கிறது. அதற்குக் கோப்பைப் படிக்கத் தெரியும். ஆகவே 446 பைட் வித்தை தேவையில்லை. வட்டின் ஒரு தனிப் பாகத்திலிருந்து ஏற்றியை நேரே ஒரு கோப்பாக எடுத்துக்கொள்கிறது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது பரவலான பாதுகாப்பு முறை ஒன்றும் சேர்ந்துகொண்டது: கையொப்பம் சரியில்லாத ஏற்றியை அது ஓடவே விடாது. 2018-இல் எழுதிய பகுதியில் இவற்றுக்கு ஒரு வரியேனும் ஒதுக்கியிருக்கலாம்.

பாடநூலைத் திருத்தும்போது ஒரு படமும் ஒரு பக்கமும் கூடுதலாகக் கொடுத்தால் போதும். பாட இறுதியிலுள்ள வினாக்களில் ஒன்றை எடுத்துவிட்டு இதைச் சேர்க்கலாம்: இரண்டு இயக்க அமைப்புகளுள்ள கணிப்பொறி பட்டியல் காட்டாமல் நின்றுவிட்டது, விண்டோஸ் கோப்புகள் அழியவில்லை, எந்தக் கண்ணி அறுந்திருக்கும், ஏன்?