பொற்கொல்லனின் சாட்சியம்

சிலப்பதிகாரத்தில் நீதி எங்கே பேசுகிறது என்று வினவினால், கண்ணகி சிலம்பை உடைத்த கணத்தையே நம் திறனாய்வாளர் பலரும் சுட்டுவர். தவறுணர்ந்து உயிர்நீத்த பாண்டியனைச் செங்கோலின் சின்னமாகப் போற்றுவர். கொட்டியாரக் குடாவை அடுத்த கட்டைபறிச்சான் போன்ற ஊர்களில் இக்காப்பியத்தைக் கற்பிப்போருக்கு இப்போற்றுதல் நிறைவு தருவதில்லை. அது கோவலன் இறந்தபின் வந்த நீதி. அவன் உயிரோடிருந்தபோது நடந்த விசாரணை வழக்குரை காதையில் இல்லை. கொலைக்களக் காதையில் இருக்கிறது.

கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று தயங்குகின்றனர். அத்தயக்கத்தைப் பொற்கொல்லன் எதனால் வென்றான்? கோவலன் திருடியதற்கு அவன் சான்று காட்டவில்லை. மந்திரம், தெய்வம், மருந்து முதலாகக் கள்வர்க்குத் துணையாகும் எட்டையும் எண்ணிக் காட்டினான். இளவரசனின் ஆரத்தைக் கவர்ந்த வேறொரு கள்வனின் கதையைச் சொன்னான். கேட்டிருந்த காவலன் ஒருவனும் மழையிருளில் தன்னிடமிருந்து தப்பிய கள்வனை நினைவுகூர்ந்தான். இவற்றுள் கோவலனைப் பற்றியது ஒன்றேனும் உண்டோ? ஆயினும் அச்சம் மூண்டது; கள்வெறி கொண்ட காவலன் ஒருவனின் வாள் பாய்ந்தது. கையிலிருந்த ஒரே பொருட்சான்றான சிலம்பின் பரல் முத்தா, மாணிக்கமா என்று எவரும் பார்க்கவில்லை.

மெய்ப்பிக்கும் வலு சிறிது, தப்பெண்ணம் விளைக்கும் ஆற்றல் பெரிது: இத்தகைய சாட்சியத்தைத் தள்ளிவிடும் தற்றுணிபு நீதிபதிக்கு உண்டென்பது ஆங்கிலச் சட்ட மரபு. 1949இல் பிரித்தானியக் கயானாவிலிருந்து பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற நூர் முகம்மது வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவரே ஒரு பொற்கொல்லர். அவர் மனைவியின் முந்தைய மரணத்தைப் பற்றிய சாட்சியம் ஏற்கப்பட்டது தவறென்று கூறி, கொலைத் தீர்ப்பை அம்மன்று நீக்கிற்று.

நம் நாட்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டினது. பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதலை அச்சட்டம் ஏற்பதில்லை. அந்நிய ஆட்சியே வைத்த இக்காவலை 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் தகர்த்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் சான்றாகும் என்றது அதன் 16ஆம் பிரிவு. வற்புறுத்திப் பெற்றதைத் தள்ளும் அதிகாரம் நீதிபதியிடம் எஞ்சியது உண்மையே. ஆனால் வற்புறுத்தலை நிறுவும் பாரம் அடிபட்டவன் தலையில் ஏற்றப்பட்டது.

விளைவைச் சிங்கராசா வழக்கில் காண்கிறோம். தமிழ் மட்டுமே அறிந்த அவ்விளைஞரின் ஒப்புதல் சிங்களத்தில் எழுதப்பட்டது. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ்காரர். கீழே பெருவிரல் அடையாளம். முதுகுத் தழும்பையும் இடக்கண் வடுவையும் மருத்துவ அறிக்கை காட்டிற்று. ஆயினும் அவ்வொப்புதலைக் கொண்டே 1995இல் ஐம்பது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது; மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாயிற்று. அப்பாரமேற்றல் உரிமை மீறல் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2004இல் கூறியது. அக்குழுவிடம் முறையிட வழிசெய்த இணக்கமே அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் 2006இல் தீர்த்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமும் 16ஆம் பிரிவை நீக்கவில்லை.

மதுரையில் கோவலன் அயலூரான். அவனுக்காகப் பேச அங்கே ஒருவருமில்லை. மொழியறியாத மன்றில் நின்ற இளைஞனும் அவ்வாறே. ஊழ்வினை என்று உரைகூறி இவ்வொற்றுமையை மறைப்பது திறனாய்வாகாது. கொலைக்களக் காதையை விசாரணையாகவே வகுப்பில் படிப்பிப்போம்: எந்தச் சொல்லை மன்று கேட்டிருக்கலாகாது என்று மாணவர் சொல்லட்டும். அந்த வினாவுக்கு விடைகாணப் பழகியவர், 16ஆம் பிரிவு ஏன் ஒழியவேண்டும் என்பதை நம்மைக் கேளாமலே அறிவர்.