ஒரு சொல், இரு திசை

ஒரே சொல் ஒரு பொருளையும் அதற்கு நேர் எதிரான பொருளையும் தருமானால், அந்த மொழியை எவ்வாறு நம்புவது? இவ்வினா புதிதன்று. அரபு மொழியைக் குறைகூற விரும்பியோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை எழுப்பினர். ஹிஜ்ரி 328இல் (கி.பி. 940) பக்தாதில் மறைந்த இமாம் இப்னுல் அன்பாரி, அவர்களுக்கு விடை கூறியே தமது 'கிதாபுல் அள்தாத்' என்னும் நூலைத் தொடங்குகிறார். 'அள்தாத்' என்பன எதிர்ப்பொருட் சொற்கள். ஸீபவைஹியின் மாணவரான குத்ருப் போன்றோர் அவருக்கு முன்பே இத்துறையில் நூல் செய்துள்ளனர். எனினும், 300க்கு மேற்பட்ட சொற்களை ஆராயும் இந்நூலுக்குத் தனிச் சிறப்புண்டு. 1881இல் லைடனிலும் 1960இல் குவைத்திலும் இது பதிப்பிக்கப்பெற்றது.

இமாமவர்களின் விடை தெளிவானது. பேச்சின் தொடக்கம் அதன் முடிவோடு பிணைந்தது. முன்னும் பின்னும் வருவன பொருளை உறுதிசெய்யும் என்பதே அது. திருமறையில் 'ழன்னு' என்னும் சொல் 2:46இல் உறுதியான நம்பிக்கையைக் குறிக்கிறது. 45:32இல் வெறும் ஐயத்தைக் குறிக்கிறது. இரண்டிடத்தும் எவரும் மயங்குவதில்லை. தமிழிலும் 'முன்' என்னும் சொல் அத்தகையதே. முன்னாள் என்பது கழிந்துபோன நாள். முன்னேற்றம் என்பதோ இனி அடைய வேண்டியது. இதனால் தமிழ் குறையுடைய மொழி என்று யாரேனும் சொல்வரோ?

ஆயினும் நூலில் நமக்கு இரண்டு குறைகள் தென்படுகின்றன.

முதலாவது, வகைப்படுத்தாமை. பாம்பு தீண்டியவனை அரபியர் 'ஸலீம்' என்றனர். நலமுடையவன் என்பது அதன் பொருள். உயிர்குடிக்கும் பாலைவனத்தை 'மஃபாஸா' என்றனர். அது வெற்றி பெறுமிடம் எனப் பொருள்படும். இவை நற்குறி வேண்டிச் சொன்னவை. நம் இலக்கண ஆசிரியர்கள் இதனை மங்கலம் என்பர். காராட்டை வெள்ளாடு என்பதும், இடுகாட்டை நன்காடு என்பதும் இவ்வழக்கே. இரவுக்கும் பகலுக்கும் வழங்கும் 'ஸரீம்' என்பதோ வேறு வகை. ஒன்றிலிருந்து மற்றொன்று அறுபட்டுப் பிரிவதால் ஒரே வேர்ப்பொருள் இரண்டுக்கும் பொருந்தியது. இதனை இமாமவர்களே முன்னுரையில் விளக்குகிறார். ஆனால் நூலின் உள்ளே எல்லாச் சொற்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. இப்னு துருஸ்தவைஹி போன்றோர் எதிர்ப்பொருட் சொற்கள் என்பதையே மறுக்கத் துணிந்ததற்கு இத்தகைய தாராளமும் இடந்தந்திருக்கலாம் என எண்ணுகிறோம்.

இரண்டாவது இதனினும் பெரிது. சூழல் எப்போதும் தீர்ப்புச் சொல்லிவிடுமா? 2:228இல் மணவிலக்குப் பெற்ற பெண் மூன்று 'குரூஃ' காத்திருக்க வேண்டும் என்பது கட்டளை. 'குர்உ' என்பது மாதவிடாயையும் குறிக்கும். இரு மாதவிடாய்களுக்கு இடைப்பட்ட தூய்மையையும் குறிக்கும். உமர் (ரலி), இப்னு மஸ்ஊத் (ரலி) ஆகியோர் முன்னதைக் கொண்டனர். இமாம் அபூஹனீபாவின் முடிவும் அதுவே. ஆயிஷா (ரலி), ஸைத் இப்னு ஸாபித் (ரலி) ஆகியோர் பின்னதைக் கொண்டனர். இமாம் ஷாபிஈயின் முடிவு அது. அனைவரும் அரபியில் தோய்ந்தவர்கள். அனைவர் முன்னும் இருந்தது ஒரே வசனம்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் வேறுபாடன்று. தூய்மைக் காலத்தில் தலாக் சொல்லப்பட்டால், ஷாபிஈ மத்ஹபில் மூன்றாம் மாதவிடாய் தொடங்கியதுமே இத்தா முடிகிறது. ஹனபியிலோ அது நின்ற பின்னரே முடிகிறது. மீட்டுக்கொள்ளத்தக்க தலாக் ஆயின், இடைப்பட்ட அச்சில நாள்களில் கணவன் அவளை மீட்டுக்கொள்ளலாமா என்பது இந்த ஒரு சொல்லில் தொங்கி நிற்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாபிஈகளும் உள்நாட்டில் ஹனபிகளும் மிகுந்து, தமக்குள் பெண் கொண்டும் கொடுத்தும் வாழும் நம் சமுதாயத்தில் இது வீட்டுக்குள் வரும் வினா அன்றோ!

அகராதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இருவரில் ஒருவருக்கு அரபி தெரியவில்லை" என்று தீர்ப்புரைப்போரைக் கண்டிருக்கிறோம். அவர்கள் இந்நூலை ஒருமுறையேனும் புரட்ட வேண்டும். இரு பொருளும் மொழியிலேயே உள்ளவை. 'குர்உ' என்பதன் அடிப்பொருள் 'குறித்த காலம்' என்று உரைத்த மொழியறிஞரும் உண்டு. அவ்வாறாயின் இரண்டும் ஒரே கிளையில் பழுத்த கனிகளாகும். எதனைக் கொள்வது என்பதை இமாம்கள் பிற சான்றுகளைக் கொண்டே முடிவு செய்தனர்; சொல்லை மட்டும் கொண்டு அன்று.

திருமறையைத் தமிழில் பெயர்ப்போருக்கும் ஒரு விண்ணப்பம். இவ்விடத்தில் 'மாதவிடாய்' என்றோ 'தூய்மை' என்றோ ஒன்றை மட்டும் எழுதிச் சென்றால், மூலம் திறந்து வைத்த இரு வாயில்களில் ஒன்றை அடைத்தவராவோம். அடிக்குறிப்பாக ஒரு வரி சேர்த்தால் போதும். பக்கத்து வீட்டார் பின்பற்றும் இமாமும் அதே வசனத்தின் மீதுதான் நிற்கிறார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்வர்.