பட்டன் பேட்டரிக்குள் ஒரு பூட்டு

பாதுகாப்பைக் கூட்டினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பது சிறு கருவிகளை வடிவமைப்பவர்களிடம் வெகுகாலமாகப் புழங்கும் வாதம். கார்களின் ரிமோட் சாவி முதல் வீட்டுக் கதவின் புளூடூத் பூட்டு வரை, பலவீனமான பாதுகாப்புக்கெல்லாம் இதுவே சமாதானம். கணக்குப் போட்டால் வாதம் பாதிதான் தேறுகிறது.

சிஆர்2032 பட்டன் பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 225 மில்லி ஆம்பியர்-மணி. அது 5 ஆண்டு தாங்க, கருவி சராசரியாக 5 மைக்ரோ ஆம்பியர்தான் இழுக்கலாம். சிப்பில் ஏஇஎஸ் குறியாக்கத்துக்குத் தனிச் சுற்று இருந்தால் 16 பைட்டை மறைக்கச் சில மைக்ரோ வினாடி போதும். அதையே புளூடூத்தில் அனுப்ப ரேடியோ 200 மைக்ரோ வினாடிக்கு மேல் விழித்திருக்க வேண்டும். செய்தியை யாரும் திருத்தவில்லை என்று காட்டும் 4 பைட் முத்திரைக்கே 32 மைக்ரோ வினாடி போகிறது. ஆக, குறியாக்கத்தைவிட அதற்காகக் காற்றில் அனுப்பும் கூடுதல் பைட்டுகளே அதிகம் செலவு வைக்கின்றன. சிக்கனம் அங்கேதான் தேவை. பூட்டின் வலிமையில் கைவைக்கத் தேவையில்லை. கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு டெஸ்லா சாட்சி: அதன் மாடல் எஸ் காரின் சாவி வெறும் 40 பிட் ரகசியத்தை நம்பியிருந்தது. பெல்ஜியத்தின் லுவென் பல்கலைக்கழகத்தினர் 2018இல் அதைச் சில வினாடிகளில் நகலெடுத்துக் காட்டினார்கள்.

வாதத்தின் தேறும் பாதி வேறு. சிப் இழுக்கும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்தே உள்ளிருக்கும் ரகசியத்தை உருவிவிடலாம். கார், கேரேஜ் ரிமோட்டுகளில் இருந்த கீலாக் முறை 2008இல் இப்படித்தான் விழுந்தது. ஜெர்மனியின் போஹும் நகரப் பல்கலைக்கழகத்தினர் ரிசீவரிலிருந்து தயாரிப்பாளரின் மூலச் சாவியையே எடுத்தார்கள். அதன் பிறகு இரண்டு செய்திகளை ஒட்டுக்கேட்டாலே ரிமோட்டை நகலெடுக்க முடிந்தது. இதைத் தடுக்க ரகசியத்தைத் தற்போக்கான துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிட வேண்டும். அதற்குச் சுற்று பெருக்கும், மின்சாரமும் கூடும். இந்தச் செலவு உண்மையானது. இதைக் குறைப்பதால்தான் அஸ்கான் என்ற குறியாக்க முறையை நான் பெரிதாக மதிக்கிறேன்: எளிய பிட் செயல்களால் ஆனது, துண்டாக்கினாலும் ஏஇஎஸ் அளவுக்குப் பெருக்காது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2023இல் அதைத் தேர்ந்தெடுத்து, 2025இல் தரமாக வெளியிட்டது.

ஐஐடி மெட்ராஸின் சக்தி செயலித் திட்டத்திலிருந்து வளர்ந்த மைண்ட்குரோவ் நிறுவனம் 2024இல் ‘செக்யூர் ஐஓடி’ சிப்பை வெளியிட்டது. பாதுகாப்பைப் பெயரிலேயே வைத்துச் சென்னையிலிருந்து ஒரு சிப் வந்தது பெரிய காரியம். ஆனால் அறிமுகத்தில் முன்னே நின்றது 700 மெகாஹெர்ட்ஸ் வேகம். பட்டன் பேட்டரிக் கருவிக்கு அந்த எண் முக்கியமே இல்லை. உறங்கும்போது எவ்வளவு மின்னோட்டம், மின்சார அளவீட்டுத் தாக்குதலை எதுவரை தாங்கும் என்ற இரண்டையும்தான் வாங்குபவர் கேட்க வேண்டும். சக்தி குடும்பத்திலேயே சிறிய கருவிகளுக்கான இ-வகுப்புச் செயலி இருக்கிறது. அதனருகே துண்டாக்கிய அஸ்கான் சுற்றை வைத்து, இந்த இரு எண்களையும் விவரத்தாளின் முதல் பக்கத்தில் அச்சிடும் சிப்பே நம் ஊர்ப் பூட்டுகளுக்கும் தண்ணீர் மீட்டர்களுக்கும் தகுதியானது.