பத்துக்குப் பதினைந்து

மும்பையின் கிழக்கோரம், டிராம்பே. ஒரு பக்கம் பாபா அணு ஆராய்ச்சி மையம், இன்னொரு பக்கம் சதுப்பும் அலையாத்திக் காடும். இடையில் கிடக்கிறது சீத்தா கேம்ப். தமிழும் உருதும் மராத்தியும் மலையாளமும் ஒரே சந்தில் புழங்கும் இந்த ஊர் தானாக முளைத்ததல்ல. அணு ஆராய்ச்சி மையத்தின் அருகே ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. நகரத்தின் பிற பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்திய ஏழைகளை மாநகராட்சியே அங்கே குடியமர்த்தியிருந்தது. அந்த நிலம் அணுசக்தித் துறைக்குத் தேவைப்பட்டது. மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள், நீதிமன்றப் படியும் ஏறினார்கள். கடைசியில் 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் இந்தச் சதுப்பு நிலத்துக்கு அனுப்பப்பட்டார்கள். குடும்பத்துக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பதினைந்தடி மனை.

நூற்றைம்பது சதுர அடி. தரையை உயர்த்தாவிட்டால் தண்ணீர் உள்ளே வரும் என்பதால் முதலில் மண்ணும் இடிபாட்டுக் கல்லும் கொட்டி மேடாக்கினார்கள். பிறகு தகரம், பிறகு செங்கல், பிறகு மேலே ஒரு ‘மாலா’, அதாவது பரண்போன்ற மேல்தளம். இன்று அப்படியொரு வீட்டுக்குள் நுழைந்தால் வாசலை ஒட்டி மோரி என்னும் கழுவுமிடம், அதில் நீல டிரம்மில் பிடித்துவைத்த தண்ணீர், எதிர்ச்சுவரில் அடுப்பு, சந்திலிருந்தே மேலே ஏறும் செங்குத்தான இரும்பு ஏணி. மேலே மகன் குடும்பம் இருக்கும், இல்லை வாடகைக்கு ஆள் இருக்கும். இத்தகைய வீடுகள் பதினான்கு அடிக்கு மேல் உயரக்கூடாது என்பது மாநகராட்சி விதி. மும்பையின் உழைக்கும் மக்களுடைய வீட்டு வரைபடத்தைப் போட்டது எந்தக் கல்லூரியும் அல்ல. பத்து, பதினைந்து, பதினான்கு என்ற மூன்று எண்களும் கொத்தனாரின் சாமர்த்தியமும்தான்.

கட்டிடக்கலைப் பேராசிரியர்கள் இந்த வீட்டை எப்போது கவனிக்கத் தொடங்கினார்கள் என்று தேடினால், அதே 1976 எதிரே வந்து நிற்கிறது. பெரு நாட்டின் குடிசைப் பகுதிகளில் பல ஆண்டுகள் வேலை செய்த ஆங்கிலேயக் கட்டிடக்கலைஞர் ஜான் டர்னர், ‘ஹவுசிங் பை பீப்பிள்’ நூலை அந்த ஆண்டுதான் வெளியிட்டார். வீட்டின் மதிப்பு அது பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதில் இல்லை, அங்கே வாழ்பவருக்கு என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது என்று அவர் வாதிட்டார். அதே ஆண்டின் மே, ஜூன் மாதங்களில் வான்கூவரில் ஐ.நா.வின் முதல் குடியிருப்பு மாநாடு நடந்தது. மக்கள் பங்கேற்பு பற்றி உலக அரசுகள் தீர்மானம் எழுதிய ஆண்டிலேயே ஜனதா காலனியும் தரைமட்டமானது.

டர்னரின் கருத்து இந்தியாவில் வேர்பிடித்ததற்கு நல்ல சாட்சி, இந்தூரில் பி.வி. தோஷி வடிவமைத்த ஆரண்யா. 1980களில் உருவான அந்தக் குடியிருப்பு 1995இல் ஆகா கான் விருது பெற்றது; தோஷிக்கு 2018இல் பிரிட்ஸ்கர் பரிசு வந்தபோதும் அது முன்னிறுத்தப்பட்டது. ஏழைக் குடும்பத்துக்குச் சுமார் 35 சதுர மீட்டர் மனை, உயர்த்திக் கட்டிய அடித்தளம், குழாய், கழிப்பறை. மீதியை அவர்களே வசதிப்படி கட்டிக்கொள்ளலாம். சீத்தா கேம்பில் நடந்ததும் மேலோட்டமாகப் பார்த்தால் அதுதான்: மனை கொடுத்தார்கள், மக்கள் கட்டினார்கள். ஆனால் மனை 14 சதுர மீட்டர்தான். அடித்தளம் இல்லை, அழைத்துக் கேட்ட ஆள் இல்லை. ‘மக்களே கட்டிக்கொள்வார்கள்’ என்ற அழகான வாக்கியம், அரசு கைகழுவுவதற்கும் எவ்வளவு எளிதாகப் பயன்படும் என்பதை இந்த இரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துத்தான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மக்கள் கட்டும் வீடுகளைப் படிக்கும் துறையின் வரலாற்றில் முக்கியமான பெயர் ஒன்று பட்டதாரியுடையதல்ல. கோலார் தங்கவயலில் பிறந்து, 1963இல் மும்பைக்கு வந்து, தச்சு வேலை செய்த தமிழர் ஜாக்கின் அற்புதம். ஜனதா காலனியில் குப்பை அள்ள ஆள் வராதபோது, பிள்ளைகள் கையில் குப்பைப் பொட்டலங்களைக் கொடுத்து மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டவைத்தவர். காலனியைக் காக்கும் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை உருவாக்கினார், 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் பெற்றார், 2018இல் மறைந்தார்.

அவருடைய பெரிய பங்களிப்பு கணக்கெடுப்பு என்றே சொல்லலாம். 1976 ஜனவரி 4 அன்று அரசு குடிசைகளை எண்ணி, ‘போட்டோ பாஸ்’ என்ற அடையாள அட்டை கொடுத்தது. எண்ணப்பட்டவர்களுக்கு மாற்றிடம் உண்டு, விடுபட்டவர்களுக்கு ஒன்றுமில்லை. அப்படியானால் நம்மை நாமே எண்ணுவோம் என்பது குடிசைவாசிகள் கண்ட வழி. 1984இல் தொடங்கி, ஜாக்கினின் கூட்டமைப்போடு இணைந்து இயங்கிய ஸ்பார்க் அமைப்பு, மறு ஆண்டே பைகுல்லா பகுதி நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்து அறிக்கை வெளியிட்டது. அதிலிருந்து ‘மஹிளா மிலன்’ பெண்கள் குழு பிறந்தது. அந்தப் பெண்கள் மூங்கிலும் துணியும் கொண்டு முழு அளவில் மாதிரி வீடுகளைக் கட்டிக் கண்காட்சி வைத்தார்கள். பதினான்கு அடி உயரம், உள்ளே ஒரு மாலா என்பது அவர்கள் தேர்ந்த வடிவம். உள்ளே நின்று, கையை உயர்த்தி, படுத்துப் பார்த்து முடிவு செய்த அளவு அது.

அதன் பிறகு கதை வேறு திசையில் போகிறது. மகாராஷ்டிரத்தின் குடிசை மறுவாழ்வுத் திட்டம் 1995இல் 225 சதுர அடி இலவச வீடு என்று தொடங்கி, பிறகு 269, 300 என்று ஏறியது. வீடு வளர்ந்தது, ஆனால் ஹெக்டேருக்குக் குறைந்தது 500 வீடுகள் என்ற அடர்த்தி விதியும், கட்டிடங்களுக்கிடையே விட வேண்டிய இடைவெளியில் தந்த சலுகையும் காற்றை விழுங்கிவிட்டன. சீத்தா கேம்ப் இருக்கும் அதே எம் கிழக்கு வார்டில், கோவண்டி, மான்குர்த் பக்கம் நட்வர் பாரேக் காம்பவுண்ட், லல்லுபாய் காம்பவுண்ட் என இரண்டு மறுவாழ்வுக் குடியிருப்புகள். கட்டிடத்துக்கும் கட்டிடத்துக்கும் நடுவே மூன்று மீட்டர் அளவே இடைவெளி. கீழ்மாடிகளில் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். சந்தில் விழும் குப்பையின் நாற்றத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள்.

‘டாக்டர்ஸ் ஃபார் யூ’ அமைப்பும் மும்பை ஐ.ஐ.டி.யும் இணைந்து இங்கே நடத்திய ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியாயின. இந்த இரண்டு இடங்களிலும் ஏறத்தாழ பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் காசநோயாளி இருந்தார். அருகிலேயே, இடைவெளி கூடுதலாக உள்ள பி.எம்.ஜி. காலனியில் அது நூறு வீட்டுக்கு ஒன்று. காற்றோட்டத்தையும் வெளிச்சத்தையும் கணினியில் உருவகித்துப் பார்த்தபோது, நெருக்கமும் நோயும் ஒன்றாகவே போயின. மும்பை ஐ.ஐ.டி.யில் கற்பித்து, இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கட்டிடக்கலைத் துறையில் இருக்கும் ரோனிதா பர்தன், மறுவாழ்வு வீடுகளின் காற்றையும் உடல்நலத்தையும் தொடர்ந்து ஆராய்ந்து வருபவர். இந்த ஆய்வுகள் வந்தபின், ‘குடிசையைவிட மாடிவீடு மேல்’ என்ற பேச்சை யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. வரைபடத்தில் கையெழுத்துப் போடும் கட்டிடக்கலைஞருக்கு இந்தக் கணிப்பை முன்கூட்டியே செய்து பார்க்கும் கருவி இருக்கிறது. இருந்தும் செய்யாமல் விடுவது தொழில் தவறு அல்ல, நெறித் தவறு.

அடுத்தது தாராவி. 2022இல் அதானி குழுமம் ஏலம் வென்ற மறுசீரமைப்புத் திட்டத்துக்காக, 2024இல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. லைடார் என்ற லேசர் கருவி சந்துகளை முப்பரிமாணத்தில் அளக்கிறது. ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் ஓர் எண். சுவரையும் கூரையையும் அது மிகத் துல்லியமாகப் பார்க்கலாம். விடியற்காலையில் இட்லி வெந்து, தலையில் பாத்திரத்தோடு ஆட்கள் கிளம்பும் அதே அறைதான் இரவில் ஒரு குடும்பம் தூங்கும் இடம் என்பதை அது பார்க்காது. தாராவியிலும் கோவண்டி சிவாஜி நகரிலும் வேலை செய்த ‘அர்ப்ஸ்’ குழுவின் ராகுல் ஸ்ரீவாஸ்தவாவும் மத்தியாஸ் எச்சனோவும் இத்தகைய வீட்டைத் தொழிற்கருவியாகவே பார்க்க வேண்டும் என்று எழுதிவந்தார்கள்.

தகுதி விதி இன்னும் கூர்மையானது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி இலவசம். மேல்தளத்தில் குடியிருப்பவருக்கு அது கிடையாது. தாராவிக்கு வெளியே வாடகை வீடுதான். இடம் இல்லாததால் மக்கள் ஏணி வைத்து ஏறிய அந்த மாலாவே இப்போது அவர்களை வெளியே தள்ளுகிறது. வெளியே என்றால் எங்கே? அரசு ஒதுக்கிய இடங்களில் ஒன்று தேவனார் குப்பை மேட்டில் 124 ஏக்கர். அதுவும் எம் கிழக்கு வார்டுதான். மும்பையின் 2009ஆம் ஆண்டு மனித மேம்பாட்டு அறிக்கையில் கடைசி இடத்தில் இருந்த வார்டு.

ஜனதா காலனிக்கு வந்தவர்களை அங்கிருந்தும் கிளப்பிய நகரம், அரை நூற்றாண்டு கழித்து அதே திசைக்கு இன்னொரு கூட்டத்தை அனுப்பப் பார்க்கிறது. கட்டிடக்கலைக் கல்லூரிகள் இப்போதே கேட்க வேண்டியவை சில உண்டு. லைடார் எடுத்த அளவுகள் ஒவ்வொரு சந்தின் மக்களுக்கும் தமிழிலும் மராத்தியிலும் உருதுவிலும் வரைபடமாகக் கைக்கு வர வேண்டும். ஆட்சேபிக்க அவர்களுக்குப் போதிய அவகாசம் வேண்டும். மறுவாழ்வுக் கட்டிடங்களின் கீழ்மாடிக் காற்றோட்டக் கணிப்பு அனுமதிக்கு முன்பே பொதுவில் வைக்கப்பட வேண்டும். மாதிரி வீடு திறப்பு விழாவுக்காக அல்லாமல், வரைபடம் முடிவாகும் முன்பே தாராவித் தெருவில் முழு அளவில் நிற்க வேண்டும். அதற்குள் நின்று, படுத்து, அடுப்பு எங்கே, தையல் இயந்திரம் எங்கே என்று சொல்லப்போகிறவர்கள் அங்கே குடிபோகும் பெண்களாக இருக்க வேண்டும்.