பேரம் பேசுவதில் இலங்கையும் இந்தியாவும்

இலங்கையும் இந்தியாவும் 1998 டிசெம்பர் 28 அன்று புதுடில்லியில் கைச்சாத்திட்ட சுதந்திர வர்த்தக உடன்படிக்கை 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதில் கொழும்பு பெற்றது கொஞ்சமல்ல. இந்தியா தன் தீர்வைகளை மூன்று ஆண்டுகளில் நீக்க வேண்டும்; இலங்கைக்கு எட்டு ஆண்டு அவகாசம். சலுகைக்குப் புறம்பான பட்டியலில் இந்தியா 429 பொருட்களை வைத்தது. இலங்கையோ 1,180 பொருட்களை வைத்துத் தன் விவசாயிகளையும் சிறு கைத்தொழில்களையும் காத்துக்கொண்டது. சின்ன நாட்டுக்குப் பேரம் பேசத் தெரியாது என்போருக்கு இந்த எண்களே பதில்.

இந்தியாவின் கெட்டித்தனம் நுணுக்க விதிகளில் இருக்கிறது. இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ வரை சலுகை கொடுத்தது. ஆனால் கொச்சி, கொல்கத்தா துறைமுகங்களில் மட்டுமே இறக்கலாம் என்றது. ஆடைகளுக்கு 8 மில்லியன் உருப்படிகள் என்ற எல்லை. அதிலும் பெரும்பகுதிக்குத் தொடக்கத்தில் இந்தியத் துணியையே பயன்படுத்த வேண்டியிருந்தது. பின்னர் இலங்கையிலிருந்து வனஸ்பதி குவிந்தபோது அதற்கும் அளவு விதித்தது. வெளிநாட்டுப் பாமாயிலில் செய்த பண்டம் என்ற இந்தியாவின் முறைப்பாட்டில் நியாயம் உண்டு. அந்த ஆலைகளில் பலவற்றை நிறுவியவர்கள் இந்திய முதலீட்டாளர்களே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரு நாடுகளும் அஞ்சுவது வெவ்வேறு விடயங்களுக்கு. இந்தியா தன் பால் உற்பத்தியாளர்களையும் சீனப் பண்டங்களையும் எண்ணி 2019 நவம்பரில் ஆசிய பசிபிக் நாடுகளின் ஆர்செப் வர்த்தக உடன்படிக்கைப் பேச்சிலிருந்து விலகியது. வேண்டிய இடத்தில் அதே இந்தியா விரையும்: ஐக்கிய அரபு அமீரகத்துடன் 88 நாட்களில் பேசி முடித்து, 2022 பெப்ரவரியில் ஒப்பமிட்டது. அதன் பெயர் சீபா, அதாவது விரிவான பொருளாதாரப் பங்காளித்துவ உடன்படிக்கை. இலங்கையில் அந்தப் பெயரே அரசியலில் எடுபடாமல் போனது. இந்தியாவுடன் 2008இல் தயாராக இருந்த சீபா கைச்சாத்தாகவில்லை. பின்னர் எட்கா (பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்படிக்கை) என்று பெயர் மாற்றிப் பேசியபோதும், இந்தியர்கள் வந்து வேலைகளைப் பறித்துக்கொள்வார்கள் என்று அஞ்சி மருத்துவர் சங்கம் வரை எதிர்த்தது. இருபது மில்லியன் மக்களின் தொழிற்சந்தைக்குப் பக்கத்தில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் இருக்கையில் அந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

இலங்கையின் குறை மேசையில் இல்லை, மேசைக்குப் பின்னால் இருக்கிறது. 2018 ஜனவரியில் சிங்கப்பூருடன் கைச்சாத்திட்ட உடன்படிக்கையை அதே ஆண்டில் ஒரு குழுவை நியமித்து மீளாய்வு செய்ய நேர்ந்தது. கொழும்புக்கு வேண்டியது ஆட்சி மாறினாலும் கலையாத நிரந்தரப் பேச்சுவார்த்தைக் குழு; அதை அமைக்கும் பொறுப்பு பாராளுமன்றத்துடையது.