மூன்றாவது தெருவா, நான்காவது தெருவா?

அபிராமபுரத்தில் வீடு தேடி வரும் கூரியர் பையன்கள் படும் பாட்டைப் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது தெருவிலும் நான்காவது தெருவிலும் அதே வீட்டு எண்கள். போதாக்குறைக்குப் பழைய எண், புதிய எண். மரபணுவை வெட்டித் திருத்தும் காஸ்-9 நொதியின் பாடும் இதுதான். அதன் கையில் இருப்பது 20 எழுத்து விலாசம். தேட வேண்டியதோ மனித டிஎன்ஏவின் சுமார் 300 கோடி எழுத்துகளுக்குள். ஓரிரு எழுத்து மட்டும் மாறிய போலி விலாசங்கள் அங்கே ஏராளம். அங்கும் வெட்டிவிட்டால்?

வெட்டும் திறமையைத்தான் ஊரே வியக்கிறது. நான் சொக்கிப்போவது, தப்பு வெட்டு எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்கும் சாமர்த்தியத்தில். 2017-இல் வந்த சர்க்கிள்-சீக் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். டிஎன்ஏவைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் சேர்த்து வட்டமாக்குகிறார்கள். வட்டமாகாமல் நின்றுவிட்ட துண்டுகளை, முனையிலிருந்து அரித்துத் தின்னும் நொதிகளிடம் விட்டுவிடுகிறார்கள். இப்போது சோதனைக் குழாயில் முனை என்று பேருக்குக்கூட எதுவும் இல்லை. அதன் பிறகே காஸ்-9 உள்ளே வருகிறது. இனி ஒரு முனை தென்பட்டால் அது இந்த நொதி வெட்டியதுதான். அந்த முனைகளில் மட்டும் அடையாளத் துண்டை ஒட்டி எழுத்துகளைப் படித்தால், வெட்டு விழுந்த இடமெல்லாம் வெளிவந்துவிடும். சந்தேகத்தை முதலிலேயே துடைத்துவிட்டு ஆரம்பிக்கிற அழகு இது.

குழாயில் வெட்டியதெல்லாம் உயிருள்ள செல்லிலும் வெட்டுமா என்று கேட்டால், 2015-இன் கைடு-சீக் இருக்கிறது. குட்டி டிஎன்ஏ துணுக்குகளைச் செல்லுக்குள் அனுப்பிவிட்டால், முறிந்த இடத்தைச் செல் ஒட்டும்போது துணுக்கையும் சேர்த்து ஒட்டிக்கொள்ளும். எங்கே துணுக்கோ, அங்கே வெட்டு.

டெல்லி ஐஜிஐபி நிறுவனத்தில் தேபோஜ்யோதி சக்ரவர்த்தி, சௌவிக் மைதி குழுவினர் வேறு கோணத்தில் அளந்தார்கள். வெட்டை மட்டுமல்லாமல், டிஎன்ஏவோடு நொதி எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பதையும் பார்த்தார்கள். 2019-இல் வெளியான முடிவு ரசிக்கத்தக்கது. வழக்கமான காஸ்-9 பிசகிய விலாசத்திலும் போய் ஒட்டிக்கொள்கிறது. பிரான்சிசெல்லா நோவிசிடா என்ற பாக்டீரியாவின் காஸ்-9, எழுத்து பொருந்தாத இடத்தில் பெரும்பாலும் ஒட்டுவதே இல்லை. தப்பு வீட்டு வாசலில் மணியடித்துக்கொண்டே நிற்பது ஒரு ரகம். கேட்டிலுள்ள எண்ணைப் பார்த்ததுமே திரும்பிவிடுவது இன்னொரு ரகம்.

அரிவாள் செல் சோகையில் பீட்டா குளோபின் மரபணுவில் மாறியிருப்பது ஒரே எழுத்து: ‘ஏ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘டி’. அந்த ஒன்றைப் பிரித்தறிய இப்படியொரு கறார் பேர்வழிதான் வேண்டும். இதே கறார்தனம்தான் 2020-இல் கொரோனாவைக் கண்டறியும் ஃபெலுடா சோதனையாகவும் ஆனது. சத்யஜித் ராய் படைத்த துப்பறிவாளரின் பெயர் அது. ஆய்வகப் பெயர்களில் இவ்வளவு ரசனையைப் பார்ப்பது அபூர்வம்.

கறாருக்கு ஒரு விலையும் உண்டு: செல்லுக்குள் இந்த நொதி கொஞ்சம் மந்தம். அதில் சில அமினோ அமிலங்களை மாற்றிச் சுறுசுறுப்பாக்கிய வடிவங்களை 2024-இல் அதே நிறுவனத்தார் வெளியிட்டார்கள். வேகம் கூடிய பிறகும் கறார் குலையவில்லை என்று அளந்து காட்டினார்களே, அந்த வேலையில் ஆகச் சிறந்த பகுதி அதுதான்.